காதல் நகைச்சுவைப் படங்களும் மலைநாடும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையினையே தொல்காப்பியர் முதற்கண் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கென்றும் வகுத்தார். பிறரை இகழ்தலாகிய எள்ளல், இளம்பருவத்து விளையாட்டாகிய இளமை, அறிவின்மையாகிய பேதைமை, கேட்டதை ஆராயாது கொள்ளுதலாகிய மடன் என்பன அவை. இவற்றுள் எள்ளலை விளக்க வந்த பேராசிரியர் அதனை இருவகைப்படுத்துவார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. பின்னது நுட்பமானது. தன்னை இகழ்ந்தமையை உணர்ந்தும் நகுவார் உளர். உணராமலே நகுவாரும் உளர்.

ஒரு காலத்தை அறிய அதன் அரசாணைகளையும் கணக்கேடுகளையும் நாடுவது வரலாற்றாசிரியர் வழக்கம். அக்காலத்து மக்கள் எதனைக் கண்டு சிரித்தனர் என்பதும் அவற்றோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க சான்றேயாகும். மக்கள் விரும்பிக் கண்டு, பின்னர் தம் மக்களுக்கும் காட்டி மகிழ்ந்த காதல் நகைச்சுவைத் திரைப்படங்கள் சிலவற்றை இந்நோக்கில் மீளக் காண்பதே இக்கட்டுரையின் கருத்து. மீளக் காணுமிடம் திம்புள்ள. இடத்தைக் குறிப்பது ஏன் இன்றியமையாதது என்பது போகப் போகப் புலப்படும்.

திம்புள்ளைக்கு வந்த படங்கள்

மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில், ஏறத்தாழ 3,500 அடி முதல் 5,500 அடி வரை உயர்ந்து கிடப்பது திம்புள்ளப் பகுதி. தலவாக்கலை, லிந்துலை, பத்தனை, அக்கரப்பத்தனை முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்டு, உயர்நிலத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் பெற்றது. இங்கு வாழும் தமிழர் தென்னிந்தியாவிலிருந்து கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள்.

இம்மக்களிடம் தமிழ்ப் படம் முதலிற் காதின் வழியாகவே வந்தது எனலாம். 1950 ஆம் ஆண்டு தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, படம் வருமுன்னரே பாட்டை லயங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பின்னர் நகரத்துப் படமாளிகைகளிற் படம் வந்தது. 1972 ஆம் ஆண்டில் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, பிறநாட்டுப் படங்களின் இறக்குமதி அதன் கைக்கு வந்தது. புதிய படங்கள் அருகின. பழைய படங்களே திரும்பத் திரும்ப ஓடின. 1982 இல் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியதை அடுத்து, திருவிழா இரவுகளில் தோட்டங்களிலே வீடியோ பெட்டி வைத்துப் படங்காட்டும் வழக்கமும் பரவிற்று. ஆகவே 1941 இல் வந்த படத்தையும் 1981 இல் வந்த படத்தையும் ஒரே தலைமுறையினர் அடுத்தடுத்துக் காணும் வாய்ப்பு இங்கு நேர்ந்தது.

தேறாத மாணவனும் வேலையற்ற பட்டதாரிகளும்

பள்ளி மாணவனைத் தலைவனாகக் கொண்ட நகைச்சுவைப் படங்களுள் முன்னோடியாக வைத்தெண்ணத்தக்கது 1941 இல் வெளிவந்த 'சபாபதி'. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் இயக்கியது. செல்வர் வீட்டுப் பிள்ளை சபாபதி மெட்ரிக்குலேசன் பரீட்சையிலே தேறாதவன். அவனுடைய வேலைக்காரனுக்கும் சபாபதி என்றே பெயர். டி. ஆர். இராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் இவ்விருவராக நடித்தனர். வீட்டுக்கு வந்து கற்பிக்கும் தமிழாசிரியர் படும்பாடு இன்றும் ஆசிரியர்களையே வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பது.

இப்படத்தின் நகை பெரும்பாலும் பேதைமையிலும் மடனிலும் பிறப்பது. சொன்னதைச் சொன்னபடியே கொண்டு தவறிழைக்கும் வேலைக்காரன் மடனுக்கு இலக்கியம். இன்றைய கண்ணுக்கு வியப்பாகத் தோன்றுவது வேறொன்று. சபாபதிக்கு மனைவியாக வரும் சிவகாமி கற்றவள். கணவனைப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்பவளும் அவளே. மனைவி ஆசிரியையாகவும் கணவன் மாணாக்கனாகவும் அமைவதை 1941 ஆம் ஆண்டுப் படம் இழிவாகக் காட்டவில்லை, இயல்பாகக் காட்டிற்று. அதே வேளையில், எசமானனின் பேதைமை கல்வியால் நீங்குகிறது. வேலைக்காரனின் மடன் அவ்வாறே விடப்படுகிறது. அவனுக்குக் கற்பிப்பார் ஒருவருமில்லை. ஒரே பெயருடைய இருவருள் ஒருவன் மட்டும் உயர்த்தப்பட்டான் என்பதைக் கண்டவர் எவரும் அன்று பிழையென்று எண்ணவில்லை.

திம்புள்ளயிலிருந்து நோக்குவார்க்கு இந்த வேறுபாடு சிறிதன்று. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பை 1920 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. ஓரறைப் பள்ளியில் ஓராசிரியர் கீழ்வகுப்புகளைக் கற்பிப்பதோடு அக்கல்வி பெரும்பாலும் முடிந்தது. 1945 இல் வந்த இலவசக் கல்வியின் பயனும் இங்கு உரிய காலத்தில் வந்து சேரவில்லை. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேதான். பரீட்சையிலே தவறுவது நகைப்புக்குரியதாதற்குப் பரீட்சை எழுதும் வாய்ப்பு முதலில் வேண்டும். சபாபதியைக் கண்டு சிரித்த தோட்டத்துச் சிறுவன் எந்தச் சபாபதிக்கு உறவினன் என்பது சொல்லாமலே விளங்கும்.

1955 இல் எல். வி. பிரசாத் இயக்கிய 'மிஸ்ஸியம்மா' கற்றவர் படும் துன்பத்தையே நகைச்சுவையாக்கிற்று. வேலையற்ற பட்டதாரிகளான இந்து இளைஞனும் கிறித்தவப் பெண்ணும், தம்பதியர்க்கே வேலை என்ற நிபந்தனையுள்ள பள்ளியிற் கணவன் மனைவியராக நடித்து ஆசிரியப் பணி பெறுகின்றனர். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்த இப்படத்தில் எள்ளப்படுவது எவருடைய ஏழ்மையுமன்று. பட்டம் பெற்றவரைப் பொய் சொல்லவைத்த நிலைமையே எள்ளப்படுகிறது. கடன்காரனுக்கு அஞ்சி வேலை தேடும் அப்பெண் எங்கும் இழிவுபடவில்லை. முடிவிலேதான் படம் பின்வாங்குகிறது. அவள் சமீந்தாரின் காணாமற்போன மகள், பிறப்பால் இந்து என்று தெரியவர, இரு சமயத்தார் மணக்கலாமா என்ற வினா விடையளிக்கப்படாமலே மறைந்துவிடுகிறது. கேட்கத் துணிந்த வினாவுக்கு விடை கூறத் துணியாமை அக்காலத்தின் எல்லையைக் காட்டுகிறது.

அடக்கப்பட்ட மனைவி

'சபாபதி'யை இயக்கியோருள் ஒருவரான ஏ. டி. கிருஷ்ணசாமியே 1963 இல் 'அறிவாளி'யை இயக்கினார். சேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரியை அடக்கும் நாடகத்தைத் தழுவிய இதிற் சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்தனர். தங்கவேலுவும் முத்துலட்சுமியும் பூரி சுடும் காட்சி இன்றும் வீடுகளில் நினைவுகூர்ந்து நகப்படுவது. எனினும் படத்தின் நடு இழை செருக்குடைய மனைவியைக் கணவன் பணியச் செய்வதே. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்க் கணவனுக்குக் கற்பித்த மனைவியைக் காட்டிய இயக்குநர், இப்போது கணவனாற் கற்பிக்கப்படும் மனைவியைக் காட்டினார். பெண்கல்வி பெருகப் பெருக, கற்ற பெண்ணைக் குறித்த அச்சமும் திரையிற் பெருகிற்று என்று கொள்வதற்கு இவ்விரு படங்களும் இடந்தருகின்றன.

அவ்வச்சம் முற்றியது 1972 ஆம் ஆண்டின் 'பட்டிக்காடா பட்டணமா'வில். வெளிநாட்டிற் படித்து வந்த மனைவியைக் கிராமத்துக் கணவன் சாட்டையால் அடிக்கும் காட்சியிலே கொட்டகை ஆரவாரித்தது. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான இந்தியத் தேசிய விருதும் அதற்கே கிடைத்தது. ஆகவே அக்காட்சியை ஒரு தயாரிப்பாளரின் பிழையென்று தள்ளிவிடுதல் இயலாது. அதனை அக்காலம் மெச்சிற்று என்பதே வரலாறு.

அந்தக் கொட்டகையில் மலைநாட்டுப் பெண்களும் இருந்தனர். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்களத்திற் பெயர் கொடுத்து, கூடையை முதுகிற் கட்டிக் கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். ஒரு நாள் உழைப்புக்கு ஆணுக்குக் கிடைத்த கூலியினும் குறைந்த கூலியையே பெற்றார்கள். தோட்டத்தில் ஆண் பெண் இருபாலார்க்கும் சமகூலி வந்தது 1984 ஆம் ஆண்டிலேதான். உழைத்து வீடு காத்த பெண்கள், பெண்ணின் செருக்கு அடக்கப்படுவதைக் கண்டு சிரித்தனர். பேராசிரியர் கூறிய எள்ளலின் இரண்டாம் வகை இங்குத் தெளிவாக விளங்குகிறது.

வேலையிழந்த காதலன்

காதல் நகைச்சுவைப் படங்களுள் மக்கள் மனத்தில் முதலிடம் பெற்றது 1964 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆந் தேதி வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை'. ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் கதையமைக்க, ஸ்ரீதர் வண்ணத்தில் இயக்கியது. தெலுங்கிலும் இந்தியிலும் விரைவிலே மறுவடிவம் பெற்றது. படமெடுக்கும் ஆசை கொண்ட மகன் செல்லப்பா, தந்தை விசுவநாதனுக்குத் திகிற்கதை சொல்லும் காட்சியில் நாகேசும் பாலையாவும் நடித்த நடிப்பு, ஒருவரையும் புண்படுத்தாமல் நகைப்பிப்பதற்கு எக்காலத்துக்கும் எடுத்துக்காட்டாகும். அங்கு நகை மடனிற் பிறக்கிறது. அஞ்சி நடுங்குபவர் பொருளுடைய முதலாளி. படம் முழுவதிலுமே எள்ளல் மேனோக்கியது. செல்வந்தனின் பொருளாசையே நகைப்புக்குரியதாகிறது. மேலாளரின் மகள் முதலாளி வீட்டு மருமகளாகிறாள். இவையெல்லாம் இப்படத்தின் நற்பேறுகள். அறுபதாண்டுகள் கழிந்தும் அது முதுமையடையாமைக்குக் காரணங்கள்.

விசுவநாதன் ஒரு தோட்ட முதலாளி. அவருடைய தோட்டத்தில் வேலை பார்க்கும் அசோக், முதலாளியின் மகளிரோடு நேர்ந்த பூசலால் வேலை நீக்கப்படுகிறான். அவன் பங்களாவின் எதிரே கூடாரமடித்து, நண்பர்களைக் கூட்டி, வேலை கேட்டுப் பாடி ஆடிப் போராடுகிறான். அப்போராட்டத்தின் நடுவே முதலாளியின் மகள் அவன்மேற் காதல் கொள்கிறாள். பின்னர் நண்பனுக்குச் செல்வத் தந்தை வேடமிட்டு முதலாளியை ஏமாற்றுகின்றனர்.

இக்காட்சியைத் திம்புள்ளயில் இருந்து காண்பார் ஒரு கணம் சிரிப்பை நிறுத்துவர். இங்கு வேலை நீக்கம் என்பது கூலியை மட்டும் இழப்பதன்று. லயத்து அறை தோட்டத்துக்குரியது; ஆதலின் பற்றுச்சீட்டுக் கையிற் கிடைத்தவன் குடும்பத்தோடு தெருவுக்கு வந்தான். துரையின் பங்களா முன்னே கூடாரம் அடித்தவனுக்குக் காதல் வாய்ப்பதில்லை, பொலிசார் வருவர். வட்டகொடை மடக்கும்புரையிற் பிறந்து, 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தம் 'வீடற்றவன்' நாவலிலே இதனைப் பொருளாக்கினார். தொழிற்சங்கம் அமைக்க முயன்ற தொழிலாளி வேலையையும் இருப்பிடத்தையும் ஒருங்கே இழக்கும் கதை அது. படத்தில் வரும் அசோக்குக்கும் நாவலில் வரும் தொழிலாளிக்கும் நேர்ந்தது ஒன்றே. ஒன்று நகையாயிற்று, மற்றது அழுகையாயிற்று. முன்னவன் தொழிலாளி வேடந்தாங்கிய காதலன், பின்னவன் தொழிலாளியே.

படத்தில் மலை உண்டு. தோட்டமும் பங்களாவும் முதலாளியும் மேலாளரும் உளர். தொழிலாளர் குடும்பம் ஒன்றேனும் கதையில் இல்லை. படப்பிடிப்பு நிகழ்ந்த ஆழியாற்றிலிருந்து மேலே செல்லும் பாதை ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்கிறது. அத்தோட்டத் தொழிலாளரின் துன்பத்தைப் பி. எச். டேனியல் 1969 இல் ஆங்கில நாவலாக எழுதினார். 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கம் பெற்ற அந்நாவலைத் தழுவிப் பாலாவின் 'பரதேசி' வந்தது 2013 இல். அடிவாரத்தில் நகைச்சுவை எடுத்த தமிழ்த் திரையுலகம் மலையின் மேலே ஏறிப் பார்க்க நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

குறிஞ்சி பாலையானமை

காதலர் கூடுமிடமாக மலையைக் கொள்வது திரைப்படத்தார் கண்ட புதுமையன்று. குறிஞ்சிக்குப் புணர்தலை உரிப்பொருளாக்கிய மரபு தமிழில் மிகப் பழையது. ஆழியாறும், 'அன்பே வா' (1966) காட்டிய சிம்லாவும், 'ஊட்டி வரை உறவு' (1967) பெயரிலே தாங்கிய ஊட்டியும் அம்மரபின் வழியில் வந்தவையே. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலையாகும் என்று இளங்கோவடிகள் கூறுவார். பாலைக்கு உரியது பிரிவு. மலைநாட்டுக் குறிஞ்சி பாலையானதும் 1964 ஆம் ஆண்டிலேயே என்பது நினைக்கத்தக்கது.

'காதலிக்க நேரமில்லை' வெளிவந்து எட்டுத் திங்கள் கழிந்து, அக்டோபர் 30 ஆந் தேதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒரே லயத்தின் அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்தோர் வெவ்வேறு நாட்டுக்கு உரியவராயினர். கூடப் படித்தவரும் ஒருவரையொருவர் விரும்பியிருந்தவரும் பிரிந்தனர். மலையிலிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகைவண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே வழங்கினர். காதலிக்க நேரமின்மை திரையில் விளையாட்டாக இருந்தது. புகைவண்டி மேடையில் அது மெய்யாயிற்று.

அவ்வாறு சென்றோருட் பலர் நீலகிரிக்கே போய்ச் சேர்ந்தனர். தாயகம் திரும்பியோர்க்கென்று தமிழ்நாட்டரசு 1968 முதல் அங்குத் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிற்று. 1981 இல் பாரதி – வாசு இயக்கிய 'பன்னீர் புஷ்பங்கள்' ஊட்டிப் பள்ளி ஒன்றில் மாணவனும் மாணவியும் கொள்ளும் காதலைக் காட்டிற்று. இளையராசாவின் இசையும் பனிமூட்டமும் சேர்ந்து, பள்ளிக்காதலைக் கூறிய படங்களுள் அதனை மென்மை மிக்கதாக்கின. அப்படத்தைத் திம்புள்ளயில் கண்டோர்க்கு நீலகிரி என்பது திரைச்சீலை ஓவியமன்று. தமக்கையும் சிற்றப்பனும் கொழுந்து பறிக்கும் ஊர்.

இன்றைய வகுப்பறை

பழைய படங்களை இக்காலக் கண்கொண்டு நோக்கும்போது பெண்ணைப் பின்தொடர்தல், வழிமறித்தல், மறுப்பை நாணமென்று கொள்ளுதல் ஆகியவை முதலிற் கண்ணை உறுத்தும். இவை இளமையின் விளையாட்டாகக் காட்டப்பட்டன. சட்டம் அவற்றை வேறுபெயரால் அழைக்கலாயிற்று. இலங்கையில் 1995 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத் திருத்தம் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியது. பொதுச் சட்டத்தின்கீழ் மணவயது 18 ஆனதும் அவ்வாண்டிலேயே. தமிழ்நாட்டில், கேலிக்கு ஆளான கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்ததை அடுத்து 1998 இல் தனிச்சட்டம் வந்தது.

தோட்டத்துப் பெண்பிள்ளைக்கு இது சட்டநூற் செய்தியன்று. உயர்வகுப்புப் பாடசாலைக்குத் தேயிலை மலைகளினூடே நெடுந்தூரம் நடப்பவள் அவள். ஒருவன் நாள்தோறும் பாதையில் நின்று பாட்டுப் பாடினால், அவன் நண்பரிடையே கதாநாயகன் ஆவான். லயத்திற் பேச்சு எழும். பேச்சு எழுந்தபின் நிறுத்தப்படுவது அவன் பாட்டன்று, அவள் படிப்பு. மூன்று மணிநேரப் படத்தில் இறுதிக் காட்சியில் எல்லாம் இனிதே முடியும். சாதாரணதரப் பரீட்சைக்கு முன் வீட்டில் நிறுத்தப்பட்டவளின் கதையோ அவ்வாறு முடிவதில்லை. அந்நகைக்கு உரிய விலையை நகைத்தவன் கொடுக்கவில்லை.

இதனால் இப்படங்களை ஒதுக்கிவிடுதல் வேண்டும் என்பது பெறப்படாது. மலைநாட்டாரிடம் அவர்களுக்கே உரிய காதற்கலையும் உண்டு. மாசித் திங்களிற் கம்பம் நட்டுத் தொடங்கும் காமன் கூத்திலே, மன்மதன் எரிந்தபின் இரதி புலம்பும் புலம்பலை ஊரே விழித்திருந்து கேட்கும். வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களிற் காதலோடு எள்ளலும் உண்டு. கங்காணியும் துரையும் அங்கு எள்ளப்படுகின்றனர். தம்மை அடக்கியோரைச் சிரித்துச் சிறியராக்கும் வழக்கம் அம்மக்கள் அறியாததன்று. வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' (1975) மலைநாட்டு வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தபோது, தம் முகத்தைத் தாமே திரையிற் காணும் வாய்ப்பும் ஒருவாறு கிட்டிற்று. நாடற்றோர் என எஞ்சியிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையும் வழங்கிற்று.

ஆகவே ஆசிரியரும் மாணாக்கரும் செய்யத்தக்கது பழைய படத்தை மீண்டும் ஒருங்கிருந்து காண்பதே. பாலையாவின் நடுக்கத்துக்கு வாய்விட்டுச் சிரிக்கலாம். சிவகாமி கணவனுக்குக் கற்பிப்பதைக் கண்டு மகிழலாம். சாட்டை ஓங்கும் இடத்திலே, எவரை எள்ளி இந்நகை பிறந்தது, அவர் இக்கொட்டகையில் இருந்தால் சிரிப்பாரா என்று மாணவர் ஒருவரேனும் கேட்கக் கற்றல் வேண்டும். பேதைமையும் மடனும் இளமையும் தந்த நகை இன்றும் வாடவில்லை. எள்ளல் தந்த நகையில், வலியாரை எள்ளியது நின்றது. மெலியாரை எள்ளியது மங்கி வருகிறது. தாம் எள்ளப்படுவதை உணராமற் சிரித்த ஒரு தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அதனை உணர்ந்து சிரிக்கவும், வேண்டுமிடத்துச் சிரியாதிருக்கவும் கற்பார்களாயின், அதுவும் கல்வியின் பயன்களுள் ஒன்றாகும்.